4ஏஏ கரு, வயசு 39: ‘அழகான கரு’ என்றார்கள், ஏன் நிற்கவில்லை?

செம்பனை_மகள் | சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 11.42

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 39. அவருக்கு 42, லோரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருஷம். முதல் மூன்று வருஷம் கோயில், கசாயம், ‘பொறு, ஆகும்’ என்றே ஓடிப்போனது. அப்புறம் இரண்டு தடவை ஐயுஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது). போன மார்ச்சில் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்குவது) செய்தோம். ஒன்பது முட்டை எடுத்தார்கள். ஏழு முற்றியிருந்தது. ஐந்து கருவானது. ஐந்தாம் நாள் பார்த்தால் மிஞ்சியது இரண்டு. ஒன்றுக்கு 4ஏஏ, இன்னொன்றுக்கு 3பிபி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

4ஏஏ-யைத்தான் உள்ளே வைத்தார்கள். வைக்கும்போது திரையில் காட்டினார்கள். மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ‘ரொம்ப அழகான கரு’ என்றார் ஆய்வகத்துப் பெண். பத்தாவது நாள் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

அழகான கரு ஏன் நிற்கவில்லை? என் கர்ப்பப்பையில் கோளாறா? மூன்றாம் நாள் மோட்டாரில் உட்கார்ந்து பசார் போனேன், மாடிப்படி ஏறினேன். மாமியார் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. ‘செம்பனையைக்கூட 25 வருஷமானால் வெட்டிப்போட்டு மறுநடவு செய்கிறான்’ என்றார் போன வாரம், சோறு பரிமாறிக்கொண்டே. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். உவமைக்கு வெளியே போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். ‘வயசு’ என்று ஒரே சொல். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த 3பிபி உறைய வைத்திருக்கிறது. அதை வைப்பதா, மறுபடி முட்டை எடுப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாரிட்_ராணி | செவ்வாய், காலை 6.10

அம்மாடி, முதலில் அந்த மாடிப்படியை மறந்துவிடு. கரு வைத்த மறுநாளே நான் பால் வெட்டப் போனவள். நின்றது. அதற்கு முந்தின தடவை பத்து நாள் படுத்தே கிடந்தேன், நிற்கவில்லை. படுக்கைக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு மெத்தை விரித்துக் கொடுத்த நர்ஸே அப்புறம் சொன்னாள்.


கல்லுமலை_வேலன் | செவ்வாய், காலை 8.55

வயசு வயசு என்று பயமுறுத்துவது பணம் பிடுங்கத்தான். என் மனைவிக்கு 41. ஏஎம்எச் சோதனையில் (மிச்சம் இருக்கும் முட்டையைக் கணிக்கும் ரத்தச் சோதனை) முப்பது வயசுக்காரி மாதிரி வந்திருக்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். உடம்பை நன்றாக வைத்திருந்தால் முட்டைக்கு வயசே ஆகாது. தினமும் முருங்கைக்கீரை, கருப்பட்டி. ஒரு அண்ணன் தயாரிக்கும் லேகியமும் இருக்கிறது, வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள்.


ஆய்வகத்தான் | செவ்வாய், இரவு 10.20

கரு வளர்க்கும் ஆய்வகத்தில் பதினொரு வருஷமாக வேலை. பிறந்தது சுங்கை சிப்புட், காந்தி பள்ளியில் படித்தவன், அப்பா பால்வெட்டு. இப்போது பினாங்குப் பக்கம். எந்த இடம் என்று கேட்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து அளவு கேட்டாலும் பதில் வராது.

தங்கச்சி, அந்தத் தாளை முதலில் பார்ப்போம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து நாங்கள் எழுதுவது மூன்றே விஷயம். 1 முதல் 6 வரை உள்ள எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. 4 என்றால் நன்றாக விரிந்து, சுற்றியிருக்கும் ஓடு மெலிந்துவிட்டது. முதல் எழுத்து, உள்ளே கூடி நிற்கும் உயிரணுக் கும்பலுக்கு; பிள்ளையாவது அதுதான். இரண்டாவது எழுத்து வெளி அடுக்குக்கு. அது பின்னால் நஞ்சுக்கொடியாகும். எத்தனை உயிரணு, எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து ஏ, பி, சி போடுவோம். பள்ளிக்கூடத்தில் சீருடை பார்த்து மார்க் போடுவது மாதிரிதான். சட்டை இஸ்திரி போட்டிருக்கிறதா என்று தெரியும், பையனுக்குக் கணக்கு வருமா என்று தெரியாது.

மரபணுவைச் சுமக்கும் குரோமோசோம் சரியாக 46 இருக்கிறதா, இல்லை 45-ஆ, 47-ஆ என்பது அந்தக் கண்ணாடியில் தெரியவே தெரியாது. 4ஏஏ-க்குள் 47 இருக்கலாம். 3பிபி-க்குள் 46 ஒழுங்காக இருக்கலாம். தரம் கூடினால் சரியான கரு கிடைக்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு முட்டையின் வயசுக்குத்தான்.

ஏன் என்றால்: பெண் பிள்ளை தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதற்குள் அறுபது எழுபது லட்சம் முட்டை இருக்கிறது. பிறக்கும்போது அது பத்திலிருந்து இருபது லட்சத்துக்கு வந்துவிடும். வயசுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. ஆண்களுக்கு அப்படி இல்லை, விந்தணு இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுசாக உருவாகி வந்துகொண்டே இருக்கும். உங்கள் அம்மா உங்களை வயிற்றில் சுமந்தபோது உருவான முட்டைதான் போன மார்ச்சில் வெளியே வந்தது.

இத்தனை வருஷம் அந்த முட்டை என்ன செய்துகொண்டிருந்தது? பிரிவதற்குத் தயாராகி, பாதியில் நின்றுவிட்டது. குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக கோஹீசின் என்கிற புரதக் கட்டில் பிணைந்தபடி காத்திருக்கின்றன. நம் ஊர்த் திருவிழாப் பந்தலில் கயிறு கட்டியிருப்பார்கள் இல்லையா, அதை அவிழ்க்காமல் வெயிலிலும் மழையிலும் விட்டுப்பாருங்கள். ஒரு வருஷம் தாங்கும். நாற்பது வருஷமானால் நைந்துபோகும். முட்டை வெளிவரும் சமயத்தில்தான் அந்தக் கட்டு முறையாக அவிழ்ந்து, ஜோடிகள் ஆளுக்கொரு பக்கம் போகவேண்டும். முன்னாலேயே அவிழ்ந்து கிடந்தால் ஒரு பக்கம் ஒன்று கூடும், மறுபக்கம் ஒன்று குறையும். அப்படி உண்டாகும் கருவில் பெரும்பாலானவை ஒட்டாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். 16-ஆவது குரோமோசோம் மூன்றாக இருக்கும் கரு, கலைந்தவற்றில் அடிக்கடி காண்பது. அது முழுசாகப் பிறந்து வளர்வதில்லை. 21 மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம்.

எண்ணிக்கையும் சொல்கிறேன். 2014-இல் 15,000-க்கும் மேற்பட்ட கருக்களைச் சோதித்து ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. குரோமோசோம் தவறு 35 வயசில் மூன்றில் ஒரு கருவில் இருந்தது. 39-இல் பாதியில். 40 தாண்டினால் பாதிக்கு மேல். 43, 44-இல் பத்தில் எட்டுக்கும் மேல். ஆக உங்கள் 4ஏஏ பூவா தலையா போட்ட காசு மாதிரி. தலை விழுந்திருந்தாலும் ஒட்டும் என்று உறுதி இல்லை, சரியான கருவிலும் கணிசமானவை ஒட்டாமல் போகும். நீங்கள் படியேறியதால் காசு புரண்டு விழவில்லை.

வேலன் அண்ணே, ஏஎம்எச் எண்ணிக்கையைச் சொல்வது. குதிருக்குள் நெல் எவ்வளவு என்று சொல்லும், அதில் பதர் எவ்வளவு என்று சொல்லாது. 41 வயசில் ஏஎம்எச் நிறைய இருந்தால் முட்டை நிறையக் கிடைக்கும், அதனால் நல்லது ஒன்று அகப்படும் வாய்ப்பும் கூடும். அந்த அளவுக்கு நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் வயசு 41. கீரை சாப்பிடுங்கள், ரத்தத்துக்கு நல்லது.


தள_நிர்வாகி | புதன், காலை 9.02

லேகியம், பொடி, தாயத்து விற்பனை இங்கே கூடாது. வேலனின் தொலைபேசி எண் இருந்த பதிவை நீக்கியிருக்கிறேன்.


பழைய_தண்டல் | புதன், மாலை 5.47

அந்த மாமியார் சொன்ன செம்பனைக் கதைக்கு நான் பதில் சொல்லவேண்டும். 31 வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தவன், தண்டல் (கங்காணி). செம்பனையை 25 வருஷத்தில் வெட்டுவது அது காய்க்காததால் மட்டும் இல்லை. உயரம் போய்விடும். நீளக் கம்பில் அரிவாள் கட்டினாலும் குலை எட்டாது, வெட்டுகிறவன் கழுத்து ஒடியும். மரத்தின் குற்றமில்லை, நம் கை எட்டவில்லை. இதை அவரிடம் சொல்லு தங்கச்சி, தண்டல் சொன்னான் என்று.

இன்னொன்று. உன் வீட்டுக்காரருக்குச் சோதனை செய்தார்களா? நீ எழுதியதில் அது இல்லவே இல்லை.

எங்கள் கதையில் நாலு வருஷம் சோதித்தது எல்லாம் அவளைத்தான். குழாயில் சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள், வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். என்னை ஒருத்தனும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மீசை வைத்திருக்கிறேன், எனக்கு என்ன குறை என்று நினைப்பு. கடைசியில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மாதான் ‘அபாங் எப்போது?’ என்று, வீட்டுக்காரருக்கு எப்போது சோதனை என்று, கேட்டார்.

விந்தை வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம், ஆறவிடக்கூடாது என்றார்கள். குப்பியைச் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு மோட்டாரில் ஈப்போவுக்கு விட்டேன். வழியில் குலை லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தவும் முடியவில்லை, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருக்கிறேன். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் நெஞ்சுவலியா என்று கேட்டார். 52 நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மில்லிக்கு 30 லட்சம் இருந்தது. குறைந்தது ஒரு கோடியே அறுபது லட்சம் இருக்கவேண்டுமாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆய்வகத்தம்பிக்கு ஒரு கேள்வி. நான் பத்து வருஷம் களைக்கொல்லி அடித்தவன். அதனாலா?


ஆய்வகத்தான் | புதன், இரவு 11.05

தண்டல் அண்ணே, உங்கள் விஷயத்தில் அதுதான் என்று யாராலும் கைகாட்ட முடியாது. ஆனால் கேள்வி வீண் கேள்வி இல்லை. 1977-இல் கலிபோர்னியாவில் பூச்சிமருந்து செய்யும் தொழிற்சாலையில் ஆண்கள் பலருக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்று கவனித்துச் சோதித்தபோது டிபிசிபி என்ற மருந்துதான் விந்தணுவை அழித்தது என்று தெரியவந்தது. நம் ஊரில் அடித்தது பெரும்பாலும் வேறு மருந்துகள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் முழுசாகத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான்; அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் விஷம், அதற்காகவே போகவேண்டியதுதான். சிகரெட், சூடு, விதைப்பையில் நரம்பு புடைத்திருப்பது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இதெல்லாம்தான் நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

செம்பனை மகளுக்கு: தண்டல் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. கரு முதல் மூன்று நாள் முட்டை கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோற்றைத் தின்றுதான் வளரும். சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் முட்டையுடையது. மூன்றாம் நாள் வாக்கில்தான் கருவின் சொந்த மரபணு வேலையைத் தொடங்கும், அப்பாவின் பங்கும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் வரை நன்றாக வந்து ஐந்தாம் நாளுக்குள் நிறைய நின்றுபோனால் விந்தணுவையும் ஒரு கண் பார்க்கவேண்டும். உங்களுக்கு ஐந்தில் இரண்டு வந்திருக்கிறது, இது சாதாரணக் கணக்குத்தான். கருவான முட்டையில் பாதிக்குப் பாதி ஐந்தாம் நாள் வந்தாலே நாங்கள் சந்தோஷப்படுவோம்.


செம்பனை_மகள் | வியாழன், மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. ஆபீசில் இருந்து எழுதுகிறேன், நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்ணிக்கை பார்த்தார்கள், ‘ஓகே’ என்று மட்டும் சொன்னார்கள். தாள் தரவில்லை. இன்றைக்குப் போன் பண்ணி அந்தத் தாளைக் கேட்டிருக்கிறேன். அவர் சிகரெட்டை விடுகிறேன் என்றிருக்கிறார். ஆறு வருஷத்தில் இது நாலாவது தடவை, பார்ப்போம்.

செம்பனை பதிலை மாமியாரிடம் சொன்னேன். ‘தண்டலுக்கு வாய் நீளம்’ என்றார். ஆனால் சிரித்தார்.

இன்னும் இரண்டு சந்தேகம். அந்த 3பிபி-யில் குரோமோசோம் சோதனை செய்யலாமா? 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும் என்கிறார்கள். இரண்டாவது, கர்ப்பப்பைக்கும் வயசாகும்தானே?


திலகா46 | தாசேக் குளுகோர் | வியாழன், இரவு 9.30

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே பெயர் இல்லை என்பதால் சொல்கிறேன்.

என் சொந்த முட்டையில் நாலு தடவை செய்தேன். 40, 41, 41, 42. இரண்டு தடவை ஒட்டி, ஏழாவது வாரம், ஒன்பதாவது வாரம் போய்விட்டது. ஐந்தாவது தடவை 26 வயசுப் பெண்ணின் முட்டையில், என் வீட்டுக்காரர் விந்தில், என் வயிற்றில். ஒரே தடவையில் நின்றது. அதே கர்ப்பப்பைதான், அப்போது எனக்கு 43. இப்போது பையனுக்கு மூன்று வயசு. இந்த வருஷத் தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் தொட்டிலுக்குள் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டே வந்தான்.

வயசான வயிற்றிலும் இளம் முட்டையின் கரு தங்கும். என் டாக்டர் இதைச் சொல்லித்தான் என்னை ஒத்துக்கொள்ள வைத்தார், நானே அதற்குச் சாட்சி ஆனேன்.


கல்லுமலை_வேலன் | வியாழன், இரவு 9.58

அப்படியென்றால் அது யார் பிள்ளை?


திலகா46 | வியாழன், இரவு 10.01

காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க யார் மடியில் கிடக்கிறானோ அவள் பிள்ளை.


கம்பார்_கிறிஸ்டி | வியாழன், இரவு 10.40

திலகா அக்கா, நீங்கள் அவருக்குப் பதிலே சொல்லியிருக்க வேண்டாம்.

முட்டை தானம் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம் தம்பதிகளுக்கு மார்க்கத் தீர்ப்புப்படி கணவன் மனைவி இருவருடையது மட்டும்தான். மற்றவர்களுக்குத் தனியார் கிளினிக்குகளில் நடக்கிறது. இது 39-இல் உடனே யோசிக்கவேண்டிய விஷயம் இல்லை, ஆனால் அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மனசுக்குக் கொஞ்சம் காற்று வரும்.

காசு விஷயம் யாரும் பேசவில்லையே. எங்களுக்கு உதவியது இது: 2020 முதல் ஐவிஎஃப், ஐயுஐ-க்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இரண்டாவது கணக்கில் இருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் அந்தக் கணக்குக்கு ‘அக்காவுன் செஜாத்தெரா’ என்று பெயர். கிளினிக்கின் கடிதமும் பில்லும் வேண்டும். வருமான வரிக் கணக்கில் பெரிய நோய்ச் செலவு என்ற பிரிவிலேயே கருத்தரிப்புச் சிகிச்சையும் வரும், 2023 கணக்கு வருஷம் முதல் உச்சவரம்பு 10,000 வெள்ளி. கல்யாணச் சான்றிதழும் ரசீதும் பத்திரம். கோலாலம்பூரில் எல்பிபிகேஎன் (அரசின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) நடத்தும் கிளினிக்கில் செலவு தனியாரைவிடக் குறைவு. அரசுப் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றிலும் செய்கிறார்கள், ஆனால் வரிசை. 39-இல் வரிசையில் நிற்பதும் ஒரு செலவு, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஆய்வகத்தான் | வெள்ளி, இரவு 8.15

சோதனைக்கு வருகிறேன். பிஜிடி-ஏ என்பது ஐந்தாம் நாள் கருவின் வெளி அடுக்கில் இருந்து ஐந்து முதல் பத்து உயிரணுவைக் கிள்ளி எடுத்துக் குரோமோசோம் எண்ணுவது. அது கருவைச் சரிசெய்யாது. எது சரி என்று சொல்லும், அதுவும் சில சமயம் ‘பாதி சரி பாதி தவறு’ என்று வந்து ஆளைக் குழப்பும். வெளி அடுக்கில் இருப்பதே உள்ளேயும் இருக்கும் என்று சத்தியம் செய்யமுடியாது.

2019-இல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஒரு சோதனை வந்தது. 25 முதல் 40 வயசுப் பெண்கள். சோதித்து வைத்ததும் சோதிக்காமல் வைத்ததும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 35-க்கு மேற்பட்டவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் பயன் தெரிந்தது. எனவே ஆறு ஏழு கரு கையில் இருக்கும் 39 வயசுக்காரிக்கு எதை முதலில் வைப்பது என்று தேர்ந்தெடுக்க அது உதவும், கலைவதும் குறையலாம். உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதைச் சோதிக்க உருக்கி, கிள்ளி, மறுபடி உறையவைத்து, மறுபடி உருக்கவேண்டும். ஒரே கருவுக்கு இத்தனை இம்சை தேவையா? நானாக இருந்தால் அப்படியே வைத்துவிடுவேன். இது என் கருத்து மட்டும்.

ஆனால் ‘எப்போது வைப்பது’ என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுவது. உறைந்த கரு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது. அதற்கு வயசு ஓடவில்லை. அடுத்த வருஷம் எடுத்தாலும் அது 39 வயசுக் கருதான். ஆனால் உங்கள் உடம்பில் மிச்சம் இருக்கும் முட்டைக்கு ஒவ்வொரு மாதமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை முட்டை எடுக்கக் காசும் மனசும் இருந்தால், முதலில் அதைச் செய்து கருவைச் சேர்த்து வையுங்கள். 3பிபி காத்திருக்கும். முதலில் 3பிபி-யை வைத்து, காத்திருந்து, நிற்காமல் போய், ஆறு மாதம் அழுது, அப்புறம் முட்டை எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் 40, 41. காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால் கணக்கு வேறு, அதை டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஐந்து நிமிஷம் போதவில்லை என்றால் இன்னொரு நேரம் கேட்டு வாங்குங்கள். எழுதிக்கொண்டு போங்கள்.


நிபோங்_நர்ஸ் | சனி, காலை 7.25

இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வாசிக்கிறேன். நல்ல பேச்சு. ஒன்று விட்டுப்போனது: 35-க்குக் கீழே என்றால் ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு வாருங்கள். 35 தாண்டினால் ஆறு மாதம். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம், நேரே வாருங்கள். இரண்டு பேரும் வாருங்கள். நம் ஆட்கள் மூன்று வருஷம் கழித்துத்தான் வருகிறார்கள், பெண்ணோடு மாமியார் வருவார், மாப்பிள்ளை வாசலில் காரில் உட்கார்ந்திருப்பார்.

கலைவதும் வயசோடு கூடும். 25-29-இல் பத்தில் ஒன்று என்றால் 45 தாண்டினால் பாதிக்கு மேல். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, கலைந்தவர்கள் தங்களைத் திட்டிக்கொள்ளாமல் இருக்க.

கரு வைப்பதற்கு முன்னால் சர்க்கரை அளவு பாருங்கள். நம்மில் இனிப்பு நீர் இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது. தைராய்டும். ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், இப்போதிலிருந்தே. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) கர்ப்பத்துக்கு முந்தின ஆலோசனை என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.


பாரிட்_ராணி | சனி, காலை 7.50

காரில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை! எங்கள் வீட்டுக்காரரை நேரில் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது.


செம்பனை_மகள் | ஐந்து மாதம் கழித்து | ஞாயிறு, மாலை 4.30

இழையை மேலே கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும். இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

அவருடைய தாள் வந்தது. எண்ணிக்கை பரவாயில்லை, ஓட்டம் குறைவு. சிகரெட்டை விட்டு நாலு மாதம் ஆகிறது. லோரியில் இப்போது கச்சான் கொறிக்கிறார், இருக்கை முழுக்கத் தோல்.

ஆய்வகத்தண்ணன் சொன்னபடி முதலில் முட்டை எடுத்தோம். காசு என் இபிஎஃப்-இல் இருந்து கொஞ்சம், என் கூடப்பிறந்த அண்ணன் கொஞ்சம். ஊசிகளை ஐஸ் பெட்டியில் கத்திரிக்காய்க்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். மாமியார் குழம்புக்குக் கத்திரிக்காய் எடுக்கும்போது பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளில் இருந்து அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கவில்லை, நடுவில் மின்சாரம் போனபோது ஐஸ் கட்டி வாங்கிவந்து ஊசிகளைச் சுற்றி அடுக்கிவைத்தவரும் அவர்தான். கடைசி ஊசி ராத்திரி சரியாகப் பத்தரைக்குப் போடவேண்டும், 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பார்கள், ஐந்து நிமிஷம்கூடத் தள்ளக்கூடாது என்றார்கள். அன்றைக்கென்று ஈப்போவில் சித்தப்பா மகள் கல்யாண விருந்து. மண்டபத்துக் கழிவறையில், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவுக்கு அப்பால் யாரோ ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று தட்டத் தட்டப் போட்டேன்.

ஏழு முட்டை. ஐந்து முற்றியது. நாலு கருவானது. ஐந்தாம் நாள் ஒன்று, 4பிசி. இந்தத் தடவை தாளைப் பார்த்து அழவில்லை. சீருடை கசங்கியிருக்கிறது என்று அவர் சொன்னார். ஆக இப்போது உறைவில் இரண்டு.

வருகிற வியாழன் 3பிபி-யை வைக்கிறார்கள். காலை 10 மணிக்கு. எத்தனை விழுக்காடு என்று டாக்டரைக் கேட்டேன், இந்தத் தடவை உட்காரவைத்துப் பேசினார். நாலு தடவை வைத்தால் ஒரு தடவை பிள்ளை பிறக்கலாம், அதற்கும் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள் என்றார். சரி என்றேன்.

மூத்திரம் நிறைய வைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள், எவ்வளவு குடிப்பது? போன தடவை தாங்கமுடியாமல் பாதி வழியில் இறங்கினேன்.


நிபோங்_நர்ஸ் | ஞாயிறு, மாலை 6.05

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அரை லிட்டர் போதும். வீட்டில் இருந்தே குடித்துக்கொண்டு போகாதே, கிளினிக் வாசலில் போய்க் குடி. பை நிறைந்திருந்தால் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும், அதற்குத்தான்.


பழைய_தண்டல் | ஞாயிறு, இரவு 7.40

அங்கே வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுங்கள். தம்பியைக் காரிலேயே உட்காரவிடாதே.


திலகா46 | ஞாயிறு, இரவு 9.12

காலுறை எடுத்துக்கொண்டு போ. அந்த அறை ரொம்பக் குளிரும்.